அண்ணா யாரையும் விட்டுவிட்டு வரவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்தவுடன் முதல் பக்கத்தில் அண்ணாவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். படத்தின் கீழ் இருக்கும் வரியையும் படித்திருப்பீர்கள். படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். அந்த வரி எப்படி அங்கே வந்தது என்று சொல்லத்தான், அவருடைய ஒரே தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அண்ணா யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தார். அவர் தவழும் பருவத்திலேயே அப்பா டென்மார்க்குக்கு வந்துவிட்டார். சில வருடங்களின் பின் அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்ற அப்பாவை அண்ணா "மாமா" என்று கூப்பிட்டாராம். எந்த விருந்திலும் அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். இந்த ஒரு மாதமாகவும் சொல்கிறார், ஆனால் சிரிப்பதில்லை.

இங்கே டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் நான் பிறந்தேன். அப்பா மீன் தொழிற்சாலையிலும் அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலையிலும் இருந்தார்கள். அண்ணா கெட்டிக்காரர் என்று எழுதினால் அவரே மேலிருந்து சிரிப்பார். படிப்பில் நடுத்தரம். ஆனால் எந்த இடத்துக்குப் போனாலும் நாலு பேருடைய பாரத்தைத் தூக்கிவிட்டுத்தான் வருவார். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் நின்றவர்களை நீங்கள் மறந்திருக்கலாம், கதிரை அடுக்கியவரை மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த நாட்டில் பதினெட்டு வயதானதும் ஆண்பிள்ளைகளைக் கூப்பிட்டு, உடம்பைச் சோதித்து, ஒரு சீட்டு எடுக்கச் சொல்வார்கள். அண்ணாவுக்கு விழுந்தது படைக்குப் போகத் தேவையில்லாத இலக்கம். அம்மா அன்று பிள்ளையாருக்கு மோதகம் அவித்தார். மோதகம் ஆறுவதற்கிடையில் அண்ணா தான் விரும்பிச் சேரப்போவதாகச் சொன்னார்.

"ஆமிக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். அந்த ஆமிக்கே பிள்ளையைக் குடுக்கிறதோ?" என்று அம்மா அழுதார்.

"அம்மா, இது அந்த ஆமி இல்லை. இந்த நாடு எங்களை வைச்சுப் பார்த்தது. நானும் ஏதாவது செய்யவேணும்" என்றார் அண்ணா.

அப்பா உறவினர்கள் கேட்டபோதெல்லாம் "தம்பிக்கு அரசாங்க வேலை" என்று மட்டும் சொன்னார். அண்ணா ஏதோ கந்தோரில் கோப்பு அடுக்குகிறார் என்று உங்களில் பாதிப்பேர் நம்பியிருந்தது எனக்குத் தெரியும்.

சில வருடங்களின் பின் அண்ணாவை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். முதல் தடவை நல்லபடியாகப் போய் வந்தார். இரண்டாம் தடவை நடந்தவற்றை அவர் என்னிடம் சொன்னதில்லை, நானும் கற்பனை செய்து எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவருக்கு நித்திரை இல்லாமற்போனது. கை நடுங்கத் தொடங்கியது. சாப்பாட்டுக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. முகாம் மருத்துவர் அவரை ஓய்வுக்காக வீட்டுக்கு அனுப்பி, இங்கே வந்ததும் மனநல மருத்துவரிடம் கட்டாயம் போகும்படி வாயால் சொல்லியனுப்பினார். படை வாகனத்தில் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஹென்ரிக் என்ற தோழர். "சுகப்பட்டு வந்துவிடு, உன் இருக்கையை யாருக்கும் கொடுக்க மாட்டோம்" என்று சொல்லி வழியனுப்பினாராம்.

அண்ணா வீட்டுக்கு வந்த அந்த மாதம் எனக்கு லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வேறு நகரமான ஓகூஸில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணா களைத்துப்போய் லீவில் நிற்கிறார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அவரை மருத்துவரிடம் அனுப்பவில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போய், நூல் கட்டி, அர்ச்சனை செய்தார்கள். யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மருத்துவரிடம் போனால் பதிவாகிவிடும், பதிவானால் கதை வெளியில் போய்விடும் என்பது அவர்களுடைய பயம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு கதை இறங்கினால் ஞாயிறு மாலைக்குள் அது நாட்டின் மறுகரையில் இருக்கும் டோஸ்ட்ருப் வரை போய்ச் சேரும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசியில் படையிலிருந்து கேட்டார்கள்: திரும்பி வருகிறாயா, சுகயீனமா, அல்லது விலகுகிறாயா? சுகயீனம் என்றால் பரிசோதனை வேண்டும். அன்று சமையலறையில் நடந்ததை அண்ணாவும் பிற்காலத்தில் சொன்னார், அப்பாவும் இப்போது சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான். அப்பா அண்ணாவிடம் சொன்னது இது:

"நரம்பு வருத்தம் எண்டு எழுத்திலை ஏறினால் பிறகு அழிக்கேலாது தம்பி. பரம்பரை வருத்தம் எண்டு சொல்லுவாங்கள். தங்கச்சியை ஆர் கட்டுவினம்? குடும்ப அலுவல் எண்டு சொல்லு. ஆரும் மேற்கொண்டு கேட்கமாட்டினம்."

எங்கள் ஆட்களுக்கு அது போதும். கலியாணத்துக்குப் போகாவிட்டாலும் "குடும்ப அலுவல்", கோயில் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் "குடும்ப அலுவல்". கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். தினிசுக்காரர், அதாவது இந்த டேனிஷ் ஆட்கள், அப்படியில்லை. சொன்னதை எழுதி, எழுதியதை நம்பிவிடுவார்கள். அண்ணா "குடும்பக் காரணங்களுக்காக, சொந்த விருப்பில் விலகுகிறேன்" என்று கையெழுத்து வைத்தார். பிரிவுத் தலைவர் அங்கே மற்றவர்களிடம் அதை அப்படியே சொன்னார். தங்கைக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்று முன்பு அண்ணா சொன்னது அவர்களுக்கு நினைவிருந்தது. ஆகவே, கலியாணத்துக்காக எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த வாகனம் கண்ணிவெடியில் அகப்பட்டது. அண்ணாவின் இருக்கையில் இருந்த பையன் உயிரோடு திரும்பவில்லை. ஹென்ரிக் ஒரு காலை இழந்தார்.

அந்த லண்டன் சம்பந்தம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சாதகம் பொருந்தவில்லை என்று நின்றுபோனது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பிறகு என்னோடு வேலை செய்தவரையே மணந்தேன். அண்ணா மணம் முடிக்கவில்லை. பேச்சு வராமல் இல்லை. "வருத்தத்தைச் சொல்லித்தான் கட்டுவன்" என்பார் அவர், தன் நோயைக் குறித்து. "சொல்லத் தேவையில்லை" என்பார்கள் வீட்டில். அதிலேயே வருடங்கள் போய்விட்டன.

ஓகூஸில் அவர் பஸ் ஓட்டினார். உங்களில் பலர் அதில் ஏறியிருக்கிறீர்கள், மரக்கறிப் பையோடு ஓடிவரும் அன்ரிமாருக்காக அவர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்ததையும் அறிவீர்கள். விருந்துகளில் வாசலுக்குப் பக்கத்தில் சுவரோடு இருந்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுவார். பெருமை பிடித்தவர் என்று சிலர் சொன்னீர்கள். தேர்த் திருவிழாவில் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு வயலில் கார்களை ஒழுங்காக நிறுத்தவைக்கும் பணியை வருடந்தோறும் அவரே கேட்டு வாங்குவார். எவ்வளவு பணிவு என்று சிலர் சொன்னீர்கள். இரண்டும் இல்லை. மேளமும் சனநெரிசலும் அவருக்குத் தாங்காது. சாமியை வயலின் அந்தக் கரையில் நின்று கும்பிட்டார்.

ஒரு நாள் அவருடைய பஸ்ஸில் ஹென்ரிக் ஏறினார். செயற்கைக் காலோடு நடக்கும் சத்தத்திலேயே அண்ணா திரும்பிப் பார்த்திருக்கிறார். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"என்ன அண்ணா, ஒரு மாதிரி இருக்கிறியள்?"

"ஹென்ரிக்கைக் கண்டனான். 'கலியாணம் நல்லா நடந்ததோ' எண்டு கேட்டான். நான் வருத்தம் வந்துதான் போனனான் எண்டு சொன்னன். 'நீதானே கையெழுத்து வைச்சாய்' எண்டான். அவன் கோவத்திலை கேட்கேல்லை. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

அன்றுதான் முழுக் கதையும் எனக்குத் தெரியவந்தது. என் பெயரைச் சொல்லி ஒரு மனிதரின் மானத்தை எடுத்திருக்கிறார்கள், எனக்கே தெரியாமல்! அப்பாவோடு சண்டை பிடிக்கக் கிளம்பினேன். அண்ணா விடவில்லை. "நான் சின்னப் பிள்ளை இல்லையே. கையெழுத்து வைச்சது நான்" என்றார்.

விலகிய காரணத்தை "சேவையில் ஏற்பட்ட சுகயீனம்" என்று மாற்றும்படி அவர் படையின் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். பதில் மரியாதையாகவே வந்தது. அந்தக் காலத்து மருத்துவச் சான்று இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். முகாம் குறிப்பில் "களைப்பு, ஓய்வு தேவை" என்பதற்கு மேல் இல்லை. அதன்பின் நாங்கள் அவரைக் காட்டியது அம்மனுக்கு. அம்மன் எந்த அலுவலகத்துக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பாள்? அப்படியானால் அக்காலத்தில் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் கண்டதை எழுதித் தரட்டும் என்றார்கள். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மிஞ்சியிருந்தவர் அப்பா ஒருவர்தான்.

அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. "பிறகு பாப்பம்" என்றார். பொங்கலுக்குக் கேட்டேன், பிறகு பாப்பம். கோடை விடுமுறைக்குக் கேட்டேன், பிறகு பாப்பம். எழுதினால், இத்தனை காலமும் மூடிவைத்ததைத் தன் வாயாலேயே திறக்கவேண்டும். எழுதச் சொன்னது தான் என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. அண்ணாவோ ஒவ்வொரு ஞாயிறும் ஓல்போர்க்குக்குப் போய் அப்பாவுக்கு ஒரு கிழமைக்குச் சமைத்துவைத்துவிட்டு வருவார். ஒரு நாளும் அந்தக் கதையை எடுத்ததில்லை.

பிறகு கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அது யாருக்கும் தவணை கொடுக்கவில்லை.

மருத்துவமனையில் அண்ணா மிகவும் மெலிந்து போயிருந்தார். அப்பா கட்டிலருகில் இருந்து அவருடைய காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் யன்னலோரம் நின்றேன்.

"அப்பா, உங்களிட்டை ஒண்டு கேட்கட்டோ?"

"கேள் தம்பி."

"ஹென்ரிக்குக்குச் சொல்லிவிடுங்கோ. கந்தோர் மாத்தாட்டியும் பரவாயில்லை. நான் விட்டிட்டு வரேல்லை எண்டு அவனுக்குத் தெரியவேணும். நான் சொன்னால் நம்பமாட்டான். நீங்கள் சொன்னால் நம்புவான்."

அப்பா அவருடைய காலில் முகத்தை வைத்து அழுதார். என் அப்பா அழுது நான் கண்டது அன்றுதான். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, எழுது, நான் சொல்லுறன்" என்றார். அவர் சொல்லச் சொல்ல அந்தக் கட்டிலருகிலேயே இருந்து தினிசு மொழியில் எழுதினேன். மறைக்காமல் சொன்னார், தன்னுடைய பங்கையும் சொன்னார். அதைக் கேட்டபடி அண்ணா கண்ணை மூடிக் கிடந்தார். அடுத்த நாளே அனுப்பினோம்.

அலுவலகத்தின் முடிவு வருவதற்கு முன் அண்ணா போய்விட்டார்.

இறுதிக் கிரியைக்கு ஹென்ரிக்கும் இன்னும் சில பழைய தோழர்களும் வந்து பின்வரிசையில் நின்றதை நீங்கள் கண்டீர்கள். நான்தான் செய்தி அனுப்பியிருந்தேன். தேவாரம் முடிந்ததும் அப்பா எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவர்களிடம் போனார். என்ன கதைத்தார் என்று பிறகு பலர் கேட்டீர்கள். மீன் தொழிற்சாலையில் பழகிய தினிசில் அவர் சொன்னது இதுதான்: "என் மகனுக்குச் சுகமில்லை. அவன் உங்களிடம் திரும்பி வரத்தான் இருந்தான். குடும்பம் என்று எழுதச் சொன்னது நான். அவனில் கோபிக்க வேண்டாம், என்னில் கோபியுங்கள்." ஹென்ரிக் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பெட்டியைத் தூக்கும்போது, காலோடு சிரமப்பட்டு, அவரும் ஒரு பக்கம் பிடித்தார்.

சென்ற வாரம் அலுவலகத்தின் பதில் வந்தது. அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். அப்பாவின் கூற்றைக் கோப்பில் சேர்த்துவைப்பதாகவும், விண்ணப்பித்தவர் காலமாகிவிட்டதால் விடயத்தை முடிப்பதாகவும், பதிவு உள்ளபடியே இருக்கும் என்றும் எழுதியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்கள் கொடுத்த காரணத்தைத்தான் அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறையப்பேர். கடைசிவரை அண்ணாவைச் சிரிக்கவைத்த தாதியர்களுக்கும், தங்கள் விடுமுறையை விட்டுவிட்டு மாறிமாறி வந்து பார்த்த பஸ் சாரதிகளுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஓகூஸ், ஓல்போர்க் உறவுகளுக்கும், கிரியைகளை முறைப்படி நடத்தித் தந்த ஐயாவுக்கும், தூரம் பாராமல் வந்த உங்கள் எல்லோருக்கும், பின்வரிசையில் நின்ற ஹென்ரிக்குக்கும் அவர் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி அந்த வரி. இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் டோஸ்ட்ருப்பில் இருக்கும் பெரியப்பாவுக்கு முதல் பக்கத்தை அனுப்பியிருந்தோம். உடனே தொலைபேசி எடுத்தார். அப்பா அதைச் சத்தமாக வைத்திருந்தபடியால் நானும் கேட்டேன்.

"உந்த வரியை ஏன் போடுறாய்? இவ்வளவு காலமும் ஆருக்கும் தெரியாமல் இருந்தது. இனிப் பேத்திமாருக்கு நாளைக்குக் கலியாணம் காட்சி எண்டு வரும். யோசிச்சியோ?"

அப்பா பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள்மார் இருவரையும் பார்த்தார்.

"பேத்திமார் இருக்கினம் எண்டுதான் அண்ணை போடுறன்" என்றார்.

அந்த வரியை எழுதியது நான் அல்ல. அப்பா தன் கையால் எழுதித் தந்தார்: "டென்மார்க் படையில் பணிபுரிந்து, அங்கே ஏற்பட்ட மன நோயினால் திரும்பி வந்த என் மகன்."