ஏழாயிரம்பண்ணையிலிருந்து திரும்பி வந்த முகங்கள்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்வது என் வேலை. அது சம்பளத்துக்கு. எனக்கென்று வரைந்தது வேறு.

நான் பிறந்தது ஏழாயிரம்பண்ணை. வாக்கப்பட்டு விஸ்வநத்தம் வந்துவிட்டேன். அண்ணன் மனைவி, என் மதினி, இன்னும் அங்கேதான் பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார். அந்த வேனில் வரும் பெண்கள் செல்ஃபி எடுத்து மதினி மூலம் அனுப்புவார்கள். நான் அதைப் பார்த்து போனிலேயே வரைந்து அவர்களுக்கு அனுப்பிவிட்டு, இணையத்தில் என் பக்கத்திலும் போடுவேன். ‘சரவெடி பின்னும் அக்கா’, ‘மருந்து அடைக்கும் கைகள்’ என்று கீழே ஒரு வரி எழுதுவேன். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் பாராட்டுவார்கள். போனில் இடம் போதாமல், பக்கத்தில் ஏற்றியதும் படங்களை அழித்துவிடுவது வழக்கம். அங்கே பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பு.

ஒருநாள் காலை பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்தப் படம், எதுவும் சொல்லவில்லை. மறுபடி பார்க்கச் சொல்லி எழுதினேன். அதே வரி பதிலாக வந்தது. திரும்ப எழுதினேன். அதற்கு அந்தப் பதிலும் இல்லை. ‘வெடி’, ‘மருந்து’ என்ற வார்த்தைகளைப் பார்த்து ஏதோ ஒரு மெஷின் பயந்துவிட்டதோ என்னவோ. இன்றுவரை எனக்குத் தெரியாது.

“போனாப் போகுது, திரும்ப வரைஞ்சுக்கிடலாம்” என்றார் என் வீட்டுக்காரர். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு, அந்தப் பெண்கள் நம்பிக் கொடுத்த முகங்களைத் தொலைத்துவிட்டோமே என்றிருந்தது. மதினிக்குப் போன் போட்டேன்.

“மதினி, நான் வரைஞ்ச அம்புட்டுப் படமும் போயிருச்சு.”

“எந்தப் படம்? எங்க படமா? அது எங்ககிட்டத்தான இருக்கு” என்றார் மதினி, சாதாரணமாக.

மறுநாள் வேனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் லேபிளுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு படமாக வந்தது. சிலதில் ரோஜாப்பூ ஒட்டி ‘காலை வணக்கம்’ என்று எழுதியிருந்தது. ஸ்டேட்டஸில் வைக்க அப்படிச் செய்தார்களாம். ஒரு அக்கா, பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு அனுப்பிய படத்தை அவனிடமே திரும்பக் கேட்டு வாங்கியிருந்தார். பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்க, மதினி அதைப் படம் பிடித்து அனுப்பினார். இவர்களில் ஒருவர்கூட என் பக்கத்துக்கு வந்து ஒரு லைக் போட்டதில்லை. நிறத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அச்சக முதலாளி அண்ணாச்சி அந்தப் பக்கம் வந்தவர், “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார். சொன்னேன். போனை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “காலண்டர் ஆர்டர் ஓடுதுல்லா, தாள் ஓரத்துல கொஞ்சம் இடம் சும்மாத்தான் போகுது. அதுல இதை ஏத்திரு. தாள்ல வந்துட்டா யாராலயும் எடுக்க முடியாது” என்றார். காசு பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட்டுகளை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். எல்லோரும் வந்திருந்தார்கள். சரவெடி பின்னும் அக்கா தன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு தாயி. ஆனா எனக்கு மூக்குத்தி வலது பக்கம். நீ இடது பக்கம் போட்டிருக்க.”

அவர் முகத்தைப் பார்த்தேன். வலதுதான். செல்ஃபி திருப்பிக் காட்டியதை அப்படியே வரைந்திருக்கிறேன்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா?”

“நீ ஆசையா வரைஞ்சு அனுப்புற. சங்கடப்படுவியோன்னு விட்டுட்டேன்.”

“இப்ப உக்காருங்க. நேர்ல பாத்தே வரையுறேன்.”

மதினி நாற்காலி கொண்டுவந்து போட்டார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்கள், “சிரிங்கக்கா”, “சிரிக்காதீக, நேரா இருங்க” என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குக் காப்பி வந்தது. அதை ஆறவிட்டு, முதலில் மூக்கிலிருந்து ஆரம்பித்தேன்.