இருபது அடி தள்ளி ஒரு சூடம்

எங்கள் ஊரில் காலையில் புல்டோசருக்குச் சூடம் காட்டுகிறார்கள். மலாயாவில், ஈப்போவிலும் கிள்ளானிலும் இதைப் படிக்கிற நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். வேலை தொடங்கும்முன் இரும்பையும் கும்பிடுகிறவர்கள்தானே நாம். தள்ளி நின்று காட்டினால் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருப்பேன். இவர்களோ பெட்ரோல் ஊற்றும்போதே, ஊற்றுகிற வாய்க்கு ஒரு முழம் தள்ளிச் சூடத்தட்டைப் பிடிக்கிறார்கள். அந்தப் பெரிய டீசல் எஞ்சினை எழுப்ப, பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. டீசல் ஒரு தீக்குச்சிக்கு லேசில் மசியாது. பெட்ரோலுக்கு அதன் ஆவியே போதும். இதை நான் சொன்னால், 'மலாயாக்காரருக்குப் பயம்' என்கிறார்கள்.

விராலிமலைக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் கண்மாய். தூர் எடுத்துக் கரையை உயர்த்தச் சர்க்கார் வாடகைக்கு அனுப்பிய மெஷின் இது. ஐப்பசி மழைக்குமுன் கரை ஏறாவிட்டால் இந்த வருஷமும் வயல் தரிசுதான். அதனால் ஊரே கரையில் நிற்கிறது. ஓட்டுகிறவன் ராசு, என் தங்கை மகன். புருஷனை இழந்த தங்கைக்கு இருப்பது அவன் ஒருவன்தான். மலாயாவிலிருந்து வந்ததுமுதல் நானும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறேன். ஆகவே, நான் கரையில் போய் நிற்பது வேடிக்கை பார்க்க அல்ல.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். நான் போன முதல் நாள் மெஷினைச் சுற்றி ஏழு பீடிகள் எரிந்தன. பீப்பாய்கள் நான்கு, மூடி இருந்தது ஒன்றுக்குத்தான். புனல் கிடையாது. கரைச் சரிவில் மெஷின் சாய்ந்து நிற்கும்போதே அளவுக் குச்சியை விட்டுப் பார்த்து, ஆயில் குறைகிறது என்று மேலும் ஊற்றினார்கள். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் துண்டால் பிடித்துத் திருகி, சீறி வந்த ஆவிக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். மறுநாள் இரண்டு வாளி நிறைய மணல் கொண்டுபோய் வைத்தேன். வெற்றிலை துப்ப இடம் வந்தது என்றார் ஊர்த் தலைவரான அம்பலம்.

மலாயாவில் காடு வெட்டும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். அங்கே மாலையில் வேலை முடிந்ததும் டீசல் டாங்கை நிரப்பிவிட வேண்டும். காலியாக விட்டால் இரவுக் குளிரில் டாங்கின் உட்பக்கம் வியர்த்து, டீசலில் தண்ணீர் சேரும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுத்தான் ஆயில் பார்க்க வேண்டும். வெறுங்கை பொறுக்கிற அளவுக்கு ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியில் கை வைக்கலாம். மீறினால் அன்றைக்கு வேலை இல்லை. அதிகாரம் என்று அப்போது நாங்கள் அதைத் திட்டியிருக்கிறோம்.

அங்கேயும் சூடம் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை புதுசாக வந்த துரை, நம் ஆட்கள் மெஷின் பக்கம் சூடம் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, எஞ்சினைச் சூடாக்கவா நெருப்பு என்று என்னிடம் கேட்டார். பனி கொட்டும் அவர் ஊரில் எஞ்சினுக்கு அடியில் விளக்கு வைத்துச் சூடேற்றுவார்களாம். இந்த வெயிலில் எதற்கு என்று அவருக்கு ஒரே குழப்பம். சாமிக்கு என்றேன். உடனே நிறுத்தச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் ஆபீஸ் வாசலில் நின்று வாதாடினேன். கடைசியில், மெஷினிலிருந்து இருபது அடி தள்ளி, சுண்ணாம்பில் கோடு போட்டு, அதற்கு அப்பால் காட்டிக்கொள்ளலாம் என்றார். நாங்கள் குடியிருந்த லயத்தில் அன்றுமுதல் எனக்குச் சூடக் கிராணி என்று பெயர். சூடத்துக்காகச் சண்டை போட்டு வாங்கிய பெயர் அது.

இங்கே அதே சூடத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி அம்பலத்திடம் வாதாடுகிறேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "மெஷின்ல ஏறுறது ஒங்க மருமகன். அவன் நல்லாருக்கத்தானங்க காட்டுறோம். நீங்களே வேணாங்குறீங்களே?" சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ராசுவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். அவனும், "மாமா, ஒங்க பேச்சக் கேட்டா இங்க ஒருத்தனும் எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்க மாட்டான்" என்று ஏறிவிட்டான். அடுத்த நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ராசு டின்னைச் சாய்க்கப் போகும்போது, அம்பலம் கையிலிருந்த தட்டில் சூடத்தை விரலால் நசுக்கி அணைத்தேன். சுற்றி நின்றவர்கள் என்னைவிட்டு விலகிக்கொண்டார்கள். அதுதான் மோசம்.

அதற்கு மறுநாள் காற்று அடித்தது. புனல் இல்லாமல் ஊற்றியதில் பெட்ரோல் தகட்டில் வழிந்தது. அம்பலம் தட்டை இரண்டாவது சுற்று சுற்றினார், அவ்வளவுதான். தட்டிலிருந்த தீ தாவி, டின்னோடு சேர்த்து ராசுவின் இடது கையைப் பிடித்தது. டின்னைத் தூர எறிந்துவிட்டுக் குதித்தான். நான் மணல் வாளிக்கு ஓடினேன். இரண்டிலும் மணல் இல்லை. கொட்டிவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொள்ள எடுத்திருந்தார்கள். ஒருவன் குடத்தோடு மெஷினுக்கு ஓடிவந்தான். தண்ணீர் பட்டால் பெட்ரோல் மிதந்து தீ பரவும் என்று கத்தி, அவனை மறித்து, அந்தக் குடத்தை ராசுவின் கையில் கவிழ்த்தேன். பிறகு மெஷின் தோண்டிப் போட்ட மண்ணை இரு கையாலும் அள்ளி அள்ளித் தீயின்மேல் வீசினேன். அதைப் பார்த்து மற்றவர்களும் வீசினார்கள். மெஷினுக்குச் சேதமில்லை. ராசுவுக்கு முழங்கைவரை கொப்புளம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கை பிழைத்துக்கொள்ளும் என்றார்கள்.

அவன் படுத்திருந்த நாளெல்லாம் மெஷினும் கரையில் கிடந்தது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? எரிகிற சூடத்தை மலாயாக்காரர் அணைத்தார், அதனால்தான் தீ பிடித்தது. இனிமேல் இரண்டு பங்கு சூடம் காட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். எண்ணத் தெரிந்த எனக்கு அதற்கு மேல் எண்ணத் தோன்றவில்லை. தங்கை மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கட்டுப் பிரிக்காத கையோடு ராசு வேலைக்கு வந்த காலையில் நானும் தங்கையும் பின்னால் போனோம். இரண்டு வாளிகளையும் மணலால் நிரப்பி, இந்தத் தடவை ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அம்பலம் பெரிய தட்டோடு வந்தார். ராசு என்னைப் பார்க்கவில்லை. மெஷினிலிருந்து நடந்து தள்ளி வந்து, காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தான்.

"சூடம் இங்கிட்டு. நான் இங்க வந்து கும்பிட்டுட்டு, அணைஞ்ச பெறகு அங்கிட்டுப் போயி ஊத்துறேன்."

"சாமி இங்க, மெஷின் அங்கயாடா?"

"சாமிக்கு இம்புட்டுத் தூரம் எட்டாதுங்களா?"

அம்பலம் அவன் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சூடத்தை ஏற்றினார்.

கோடு என் கணக்கில் பதினைந்து அடிதான் இருக்கும். இருபது வேண்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். தட்டு ஒவ்வொருவரையும் தாண்டி வந்து என் முன்னால் நின்றது. பக்கத்தில் நின்ற தங்கை, பல நாள் கழித்து என்னிடம் பேசினாள்.

"அண்ணே, வாளியக் கீழ வச்சிட்டு ரெண்டு கையாலயும் கும்பிடுங்க."

நான் வைக்கவில்லை. ஒரு கையால் தீயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மறு கையில் மணல் கனத்தது.