கப்பலில் ஏறாதவர்கள்

பிள்ளைகளே, தூரத்துத் தீவுச் சனங்களைப் பற்றி யாராவது கதைத்தால் அம்மா ஏன் எழுந்து போய்விடுகிறார் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. நான் படித்த ஐந்தாம் வகுப்புத் தமிழில் எழுதுகிறேன். வாசித்துவிட்டு அம்மாவிடம் காட்டவேண்டாம்.

உங்களுக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். பிறந்த ஏழாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே, மலைச்சரிவில் புதைத்தோம். தீபாவளிக்கு முதல்நாள் அந்த மேட்டில் புல் செதுக்கி, மண் அணைத்து, ஒரு பணியாரம் வைத்த பிறகுதான் வீட்டில் பலகாரம் தொடுவோம். எழுபத்தேழுக் கலவரத்தில் லயத்தைக் கொளுத்தினார்கள். உடுத்த துணியோடு வந்து, கிளிநொச்சிக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடிசை போட்டோம்.

அடுத்த வருஷம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் ஐயாவின் வயலில் நானும் அம்மாவும் களை பிடுங்கினோம். அவருடைய ரேடியோ வரம்பில் பாடிக்கொண்டிருக்கும். ஒரு மத்தியானம் செய்தி கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கேட்டனியே? எங்கையோ கடலுக்கை ஒரு தீவாம். அணுகுண்டு வெடிச்சுப் பாக்கவெண்டு அமெரிக்கன் சனத்தை அங்கையிருந்து எழுப்பிப்போட்டான். கனகாலத்துக்குப் பிறகு, இனி ஒண்டுமில்லை, திரும்பிப் போங்கோ எண்டவன். அதுகளும் நம்பிப் போய் இருந்ததுகள். இப்ப தேங்காயிலையும் நஞ்சாம். மறுபடி கப்பலிலை ஏத்துறாங்களாம்."

"பொய் சொல்லி அனுப்புனவன் நாசமாப் போக!" என்றேன் நான்.

"வெடிச்சுப் பாக்கிறதெண்டால் தன்ரை வீட்டு வளவுக்கை வெடிக்கிறதுதானே!" என்று அவர் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "ஐயா, அந்தத் தீவுல செத்தவங்கள பொதச்சிருப்பாங்கல்ல? அவங்களயும் கப்பல்ல ஏத்துனாங்களா?"

ஐயா ரேடியோவைத் திருகி நிறுத்தினார். "அது ரேடியோவிலை சொல்லேல்லைப் பிள்ளை."

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. உங்களில் மூத்தவன் அப்போது வயிற்றில் ஆறு மாதம். நான் கெஞ்சினேன், அதட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"தீபாவளி வருது. புள்ளமேல புல்லு மூடிக் கெடக்கும். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் சாப்புடுறேன்" என்றார். பணியாரத்தையும், புல் செதுக்கும் சுரண்டியையும் அவரே பையில் வைத்துத் தந்தார்.

போனேன். மேடு இல்லை. சரிவு முழுக்க வரிசை வரிசையாகப் புதுத் தேயிலைக் கன்று. எந்த வரிசைக்குக் கீழே என்று மேலும் கீழும் நடந்து பார்த்தேன். கங்காணி, "என்னா தேடுற?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க."

ஏதோ ஒரு கன்றடியில் பணியாரத்தை வைத்துவிட்டு இறங்கினேன்.

குடிசை வாசலிலேயே அம்மா மறித்தார். "புல்லு இருந்துச்சா?"

"முழங்கால் ஒசரம். எல்லாம் செதுக்கி, மண்ணு அணைச்சுட்டேன்."

"பணியாரத்துக்குக் காக்கா வந்துச்சா?"

"வந்துச்சு."

அன்று அம்மா இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் பையைத் திறந்தேன். சுரண்டியில் ஒரு பொட்டு மண் இல்லை. அதைக் குடிசைக்குப் பின்னால் கொண்டுபோய், அதன் வாயில் மண் ஒட்டும்வரை வேலியோரத்துப் புல்லைச் செதுக்கினேன்.