நான்காவது வாய்ப்பு

கையால் எறிந்து, கையால் பிடித்து, கையில் வைத்துக்கொண்டே ஓடுகிற ஓர் ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று அமெரிக்கர்கள் ஏன் பேர் வைத்தார்கள் என்பது அப்பாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் குமரிக் கடற்கரைக்காரர். எங்கள் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகுவதே பந்தை உதைக்கத்தான் என்பார். அப்படிப்பட்டவரின் பெண்கள் இரண்டு பேரும் அபுதாபியில் முட்டை வடிவப் பந்தொன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் அம்மா நர்ஸாக இருந்ததால் எங்களுக்கும் அங்கே இடம் கிடைத்திருந்தது.

அக்கா பள்ளி அணியின் கேப்டன். அவளுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு நிறையவில்லை. ஐந்து பேர் ஆடும் அணியில் ஒரு பெண்ணின் அப்பாவுக்கு வேலை மாற்றம் வந்து குடும்பத்தோடு போய்விட்டதால், வேறு வழியில்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் நிற்கும் அக்காவிடம் கொடுப்பதுதான் என் வேலை. அதன்பிறகு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதை நான் மிகத் திறமையாகச் செய்துவந்தேன்.

எங்களுடையது மோதி வீழ்த்துகிற ஆட்டம் அல்ல. இடுப்பில் இரண்டு பக்கமும் துணிப்பட்டை தொங்கும். பந்தோடு ஓடுகிறவளின் பட்டையை எதிரணிப் பெண் உருவிவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும்; அதோடு ஒரு வாய்ப்பு முடிந்தது. நான்கு வாய்ப்புக்குள் மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டினால் பந்து மேற்கொண்டும் நம்மிடமே இருக்கும். தாண்ட முடியாவிட்டால் நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அந்த ஆபத்து வேண்டாம் என்று நினைப்பவர்கள் நான்காவது வாய்ப்பில் பந்தை எதிரணியின் கோடிக்கு ஓங்கி உதைத்துவிடுவார்கள். அப்போதும் பந்து அவர்களுக்குத்தான் போகும். ஆனால் அங்கிருந்து அவர்கள் வெகுதூரம் வந்தாக வேண்டும்.

அந்த வருடம் இறுதி ஆட்டம் அல் ஐனிலிருந்து வந்த ஒரு பள்ளியோடு. ஜெயிக்கிற அணி பஹ்ரைனுக்குப் போகும். மற்றவர்களுக்கு அது ஒரு போட்டி. எங்களுக்கோ சித்தி வீடு. அங்கே குதைபியாவில் இருந்த சித்திக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதமாகியும் நாங்கள் அதைப் போனில்தான் பார்த்திருந்தோம். பிள்ளைகள் வருவார்கள் என்று சித்தி பக்கத்து வீட்டாரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல். அம்மா ஐஸ் பெட்டியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முசஃபா கராஜில் அரைநாள் டூட்டி முடித்து நேரே வந்த அப்பா, கை கழுவியும் போகாத கிரீஸ் கறையோடு அவள் பக்கத்தில் நின்றார். ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருந்தபோது நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். மூன்று வாய்ப்புகள் போய்விட்டன. நடுக்கோட்டுக்கு இன்னும் மூன்று எட்டு வைக்க வேண்டும்.

எங்கள் கோச் ஒரு வேதியியல் டீச்சர். உதைக்கச் சொல்லிக் காலைக் காட்டினார். அவர் சொன்னது அப்பாவுக்கே புரிந்துவிட்டது. கடைசி நேரத்தில் பந்தை அடித்துவிரட்டுவது எல்லா ஊருக்கும் பொதுவான ஞானம்.

“அடிச்சி விடு மக்ளே, தூரமா அடிச்சி விடு” என்று அவர் கூப்பிட்டுச் சொன்னார்.

அக்கா உதைக்கவில்லை. நேராக கோச்சிடம் போனாள். அல் ஐன் அணியில் நெடுநெடுவென்று ஒரு பெண் இருந்தாள். நாங்கள் உதைத்த பந்தை இரண்டு முறையும் பிடித்து, அத்தனை பேரையும் தாண்டி ஓடிவந்து புள்ளி எடுத்தவள் அவள்தான். மறுபடியும் பந்தை நாமே அவள் கையில் கொடுப்பதா என்று அக்கா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. கணக்கு வாத்தியாரிடம் விடை தப்பென்று சொல்லுகிற பிள்ளையின் பணிவு அது. கோச், நீதானே கேப்டன் என்று சொல்லித் தள்ளிநின்றுகொண்டார்.

நாங்கள் ஐந்து பேரும் தலைகூடி நின்றோம். மைதானத்தில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற அக்கா முதல்முறையாகத் தமிழில் பேசினாள்.

“பந்து ஒனக்குத்தான், கேட்டியா.”

“எனக்கா?”

“ஒன்ன ஒருத்தியும் கவனிக்கல. எனக்கிட்ட குடுத்துட்டு ரெண்டு எட்டு ஓடித் திரும்பு. நெஞ்சுக்கு நேரா தாறேன்.”

அவள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. பந்தைக் கொடுத்தேன், ஓடினேன், திரும்பினேன். அக்கம்பக்கத்தில் யாருமே இல்லை. பந்து நெஞ்சுக்கு நேராக, குழந்தையைக் கைமாற்றிக் கொடுப்பதுபோல அவ்வளவு பதமாக வந்தது. நான் அதற்குள் பந்தை விட்டுவிட்டு நடுக்கோட்டைப் பார்த்துவிட்டேன். விரல் மூடுவதற்குள் பந்து உள்ளங்கைகளில் பட்டுத் தெறித்து, என் ஷூவுக்கு முன்னால் விழுந்தது. அந்த நேரத்தில்தான் அல் ஐன் பெண் ஒருத்தி குறுக்கே ஓடிவந்தாள். ஓரத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது அவளுடைய முதுகு மட்டும்.

பந்து அவர்களுக்குப் போனது. யல்லா யல்லா என்று அவர்கள் பக்கம் ஒரே சத்தம். ஆறோ ஏழோ விநாடி மிச்சம் இருக்கையில் அந்த நெட்டைப் பெண் எங்கள் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடிப் புள்ளி எடுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

எங்கள் பெண்கள் புல்தரையில் உட்கார்ந்து அழுதார்கள். என்ன ஆயிற்று என்று கோச் கேட்டு முடிப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்: தான் தாழ எறிந்துவிட்டதாகவும், அதை யாராலும் பிடித்திருக்க முடியாது என்றும். ஒருத்தி அவளை முறைத்துவிட்டு எழுந்துபோனாள். பள்ளியில் இரண்டு வாரம் அவளோடு பேசவும் இல்லை. அக்கா எல்லாருடைய இடுப்புப் பட்டைகளையும் பொறுக்கி எண்ணிப் பையில் போட்டாள். பிறகு அல் ஐன் அணியிடம் போய், அந்த நெட்டைப் பெண்ணின் கையைத்தான் முதலில் குலுக்கினாள்.

திரும்பி வரும்போது அப்பாதான் கார் ஓட்டினார். பாலம் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

“நான் அப்பமே சொன்னேன். அடிச்சி விட்டிருக்கலாம்.”

“அடிச்சிருந்தாலும் அந்தப் பிள்ள எடுத்துட்டு ஓடியிருக்கும்ப்பா” என்றாள் அக்கா. “முடிவு சரிதான். எறிஞ்சதுதான் சரியில்ல.”

அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “அப்பிடியா மக்ளே?”

“ஆமா” என்றேன். “கீழ வந்திற்று.”

அம்மா திரும்பிப் பார்த்து, போதும் விடுங்க என்று பேச்சை முடித்துவைத்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சித்திக்குப் போன் போட்டாள். தன்னால்தான் வர முடியாமல் போயிற்று என்று சித்தியிடமும் சொன்னாள். சித்தி சமாதானம் சொல்லச் சொல்ல, இவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா தினமும் மாலையில் என்னை பார்க்கிங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். தன் எறிதலைச் சரிசெய்ய வேண்டுமாம், எதிரில் நின்று பிடிக்க ஓர் ஆள் வேண்டுமாம். பத்து, இருபது, முப்பது என்று எறிந்துகொண்டே இருந்தாள். நானும் பெரிய மனது பண்ணி உதவினேன். அடுத்த பருவத்தில் நான் பந்தை விடவே இல்லை. அக்காவின் எறிதல் திருந்திவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அந்த ரகசியத்தை எத்தனையோ காலம் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றினேன். பெரும் குற்றத்தைச் செய்துவிட்டுச் சாட்சியே இல்லாமல் தப்பித்த நிம்மதி எனக்கு. பாவம் அக்கா, தன் மேல்தான் தப்பென்று நம்புகிறாளே என்று சிலநேரம் அவள் மேல் இரக்கம்கூட வந்தது. நாலெட்டு தூரத்தில் நின்று பந்தை எறிந்தவள், அது என் கைக்கு வந்துசேரும்வரை அதைத் தவிர வேறெதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.