பல் மாஸ்டர் தேர்ந்தெடுத்த மெயில் ஆப்

அவர் செய்துகொடுத்த பற்களால் அந்த ஊரில் எத்தனையோ பேர் மென்றார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். ஆனால் அவரை யாருக்கும் தெரியாது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் பல்லடுக்கி, செட் செய்து திருப்பி அனுப்புவார். நோயாளிகள் டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். டாக்டர்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். தெருக்காரர்களுக்கு அவர் பல் மாஸ்டர்.

பின்னறைச் சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுகளில் சுண்ணாம்பு நிறத்தில் தாடை அச்சுகள், யார் யாருடையதோ, வாயைத் திறந்தபடி இருக்கும். மேசையில் பல்லைத் தேய்க்கும் மோட்டார். அது ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் டாக்டர்கள் யாரும் அவருக்குப் போன் செய்வதில்லை. "மாஸ்டருக்கு மெயில் போட்டுடுங்க, உடனே பார்த்துடுவார்" என்பதுதான் எல்லா கிளினிக்கிலும் பேச்சு. அது உண்மையும்கூட. முழங்கைக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர். கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் மகள் அதில் ஒரு மெயில் பெட்டியை அமைத்துக் கொடுத்திருந்தாள். உறைப் படத்தைத் தட்டினால் கடிதம் வரும். மெயிலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தேவையும் இருக்கவில்லை.

அந்த மெயில் பெட்டி ஒருநாள், தன் சேவை விரைவில் நிறுத்தப்படுகிறது, வேறொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொன்னது. மாஸ்டர் அதைவிடப் பணிவாக மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினார். மறுநாளும் சொன்னது. மறுநாளும் மூடினார். ஒரு காலையில் உறைப் படத்தைத் தட்டியபோது பெட்டி திறக்கவே இல்லை.

மகளுக்குப் போன் போட்டார். தான் வைத்திருக்கும் ஆப்பையே போட்டுக்கொள்ளும்படி சொல்லி, அதன் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அதற்குள் மைத்துனர் வந்துவிட்டார். மனைவியின் தம்பி, ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். எங்கள் ஆபீசில் எல்லோரும் வைத்திருப்பது வேறு, அதுதான் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்றார். மதியம் ஒரு கிளினிக் நர்ஸ் மூன்றாவது ஒன்றைச் சிபாரிசு செய்தாள். மாஸ்டருக்கு யார் மனதையும் நோகடித்துப் பழக்கமில்லை. மூன்றையும் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு ஆப்பும் உள்ளே விடுவதற்கு முன் கேள்வி கேட்டது. கடிதத்தின் நகலை எங்கே வைப்பது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது, எந்த வழியாகக் கொண்டு வருவது என்று. வழியின் பெயர் நான்கு ஆங்கில எழுத்துகள். இன்னொரு வழியின் பெயர் மூன்று. அவர் ஒன்றில் நான்கெழுத்தையும் இன்னொன்றில் மூன்றெழுத்தையும் தட்டினார். அதன்பின் நடந்ததற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. கம்ப்யூட்டரில் வந்த கடிதம் போனில் காணவில்லை. போனில் ஒரு விளம்பரத்தை அழித்தால் கம்ப்யூட்டரில் ஒரு டாக்டரின் கடிதம் மறைந்தது போலிருந்தது. வந்த கடிதமோ ஒவ்வொரு ஆப்பிலும் தனித்தனியாக மணி அடித்தது.

"ஆப்பு ஆப்புன்னு ஆளாளுக்குச் சொல்லி, கடைசியில உங்களுக்கே ஆப்பு வெச்சுட்டாங்க" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் மறுபடி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களையெடுக்க இறங்குபவரைப் போலக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மற்ற இரண்டையும் பிடுங்கி எறிந்தார். தன் ஆபீஸ் ஆப்பைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் போட்டார். அது கடிதங்களைத் தானே பிரித்துவிடுமாம். தெரிந்தவர்கள் எழுதுவது 'முக்கியம்' என்ற பக்கத்துக்குப் போகும். விளம்பரமும் வெட்டி விஷயங்களும் 'மற்றவை'க்கு. முக்கியத்துக்கு மட்டும் மணி அடிக்கும்.

"இனிமே நீங்க ஒண்ணையும் பார்க்க வேணாம் மாமா. அதுவே பார்த்துக்கும்."

மாஸ்டருக்கு உண்மையிலேயே நெஞ்சு லேசானது. வெட்டிக் கடிதங்கள் கண்ணிலேயே படவில்லை. தெரிந்த டாக்டர்களின் கடிதம் மட்டும் சமர்த்தாக வந்து நின்றது. மகள் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளைப் பிறகு சமாதானப்படுத்திவிடலாம் என்று விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில் அவர் கையில் ஒரு வேலை இருந்தது. லேடி டாக்டர் ஒருவர் அனுப்பியது. வயதான ஓர் அம்மாவுக்கு மேலும் கீழும் முழுச் செட். அந்த அம்மா ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். ஓய்வு பெற்றுப் பல காலமாகிவிட்டது. பல் போனபின் வாய்க்குள் காற்றடிக்கிறது, பேசவே பிடிக்கவில்லை என்று சொன்னாராம். டாக்டர் ஒரு பழைய போட்டோவையும் அனுப்பியிருந்தார். மைக்குக்கு முன்னால் இளம்பெண்ணொருத்தி சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி. அந்த இடைவெளி அப்படியே வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஒரே நிபந்தனை.

எல்லோரும் இடைவெளியை அடைக்கச் சொல்லித்தான் கேட்பார்கள். வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் இவர். மாஸ்டர் அந்த வேலையை ரசித்துச் செய்தார். மெழுகில் அடுக்கிவிட்டுப் போட்டோவைப் பார்ப்பார்; கலைத்துவிட்டுத் திரும்ப அடுக்குவார். செட் முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். லேடி டாக்டர் வெளியூர் போயிருந்ததால் கிளினிக் பூட்டியிருந்தது. ஈரப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, டாக்டர் வந்ததும் அனுப்பலாம் என்று அலமாரியில் வைத்தார்.

டாக்டர் ஊரிலிருந்து திரும்பிய அன்று, வழக்கத்துக்கு மாறாக அவரே போன் செய்தார். மோட்டார் ஓடாத நேரம்; மாஸ்டர் எடுத்தார்.

"மாஸ்டர், அந்த ரயில்வே அம்மா செட்டைக் குடுத்துட்டீங்கல்ல?"

"ரெடியா இருக்கு டாக்டர். இன்னைக்கு அனுப்பிடறேன்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா இறந்துபோய்விட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். அவருடைய மகள் டாக்டருக்குப் போன் செய்து, செட் தயாராக இருந்தால் கடைசியாக ஒருதடவை அம்மாவுக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். போன் செய்தால் மாஸ்டருக்குக் கேட்காது, மெயில் போட்டால் உடனே பார்த்துவிடுவார் என்று டாக்டர்தான் சொல்லி, முகவரியைக் கொடுத்திருக்கிறார்.

"உங்களுக்கு மெயில் வரலையா?"

மாஸ்டர் 'முக்கியம்' பக்கத்தை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இல்லை. மைத்துனருக்குப் போன் செய்தார். மைத்துனர் ஆபீசிலிருந்தே, இதைத் தொடுங்கள், அதைத் தொடுங்கள் என்று வழி சொன்னார். 'மற்றவை' திறந்தது. செருப்புத் தள்ளுபடி, முடி வளரும் எண்ணெய், எங்கேயோ விற்பனைக்கு இருக்கும் மனை. நடுவில், தெரியாத ஒரு பெண்ணின் பெயரில் மூன்று கடிதங்கள் இருந்தன.

முதல் கடிதம் நீளமாக இருந்தது. யார், எவர், டாக்டர் முகவரி கொடுத்தார் என்றெல்லாம் விளக்கி, அம்மாவைப் பார்க்க நிறைய பேர் வருவார்கள், வாய் உள்ளே போய்ப் பார்க்க அம்மா மாதிரியே இல்லை, எங்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் உடனே ஆளை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். இரண்டாவதில், மாலை வரை எடுக்காமல் வைத்திருக்கிறோம் என்று ஒரே வரி. மூன்றாவது:

'எல்லாம் முடிந்துவிட்டது. இனி அவசரமில்லை. தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கவும்.'

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மூன்று கடிதங்களும் வந்த நேரம் முழுக்க அவர் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் கடிதத்தின் அடியிலிருந்த முகவரிப்படி, அந்த வீடு இரண்டு தெரு தள்ளி.

பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. என்ன எழுதுவது? கடிதத்தின் அடியில் அந்த ஆப்பே தயாராகச் சில பதில்களை எடுத்து வைத்திருந்தது. 'நன்றி!' 'சரி, பரவாயில்லை.' 'மிக்க மகிழ்ச்சி!' ஒன்றைத் தொட்டால் போதும், போய்விடும். எங்கே கை தவறிப் பட்டுவிடுமோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டார். அப்படியே எழுந்து போய் மனைவியிடம் சொன்னார். அவள் ஈரக் கையைத் துடைத்தபடி, "நேர்ல போய் நிப்போம். வேறென்ன செய்ய முடியும்?" என்றாள்.

அந்த வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டு வண்டிக்காகக் காத்திருந்தன. கடிதம் எழுதிய மகள்தான் கதவைத் திறந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, வீங்கிய கண்கள். மாஸ்டர் யாரென்று மனைவிதான் சொன்னாள். அந்தப் பெண் திட்டுவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவரோ உள்ளே வரச்சொல்லி, மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

கடிதம் வேறு பக்கத்தில் போய் விழுந்துவிட்டதை மாஸ்டர் விளக்கப் பார்த்தார். 'முக்கியம்', 'மற்றவை' என்று ஆரம்பித்தவர், அந்த வீட்டில் அந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் ஒரு போனாவது பண்ணிப் பார்த்திருக்கணும்" என்றார் அந்தப் பெண்.

"மோட்டார் ஓடியிருக்கும்மா. கேட்டிருக்காது."

மாஸ்டர் கொண்டுவந்திருந்த டப்பாவை வாங்கித் திறந்து, பஞ்சை விலக்கிப் பார்த்தார் அவர். முன்பற்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியைச் சுட்டுவிரலால் தொட்டார். பிறகு இதைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"உங்களோடதும்மா. தண்ணியில போட்டு வைங்க. காய விட்டா வளைஞ்சிடும்."

ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய பேச்சு, வாயில் தானாக வந்துவிட்டது. மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பெண் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கறையாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "எவ்வளவு நாளைக்குப் போட்டு வைக்கணும்?" என்றார்.

மனைவி அவர் கையைத் தொட்டாள். இருவரும் எழுந்தார்கள்.

மைத்துனர் அன்றைக்கே ஓடி வந்து, இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கிவிட்டுப் போனார். பாவம், அவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆபீசில் யாருக்கும் இப்படி ஆனதில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மாஸ்டரின் மகள் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழுதாள். பிறகு, இப்போதாவது அந்த ஆப்பை எடுத்துவிட்டுத் தன் ஆப்பைப் போட்டுக்கொள்ளும்படி கெஞ்சினாள். அதில் இப்படி எதுவும் போய் ஒளிந்துகொள்ளாதா என்று மாஸ்டர் கேட்டார். ஒளியாது என்றுதான் நினைக்கிறேன் என்றாள் அவள்.

அவள் சொன்னதையே போட்டுக்கொண்டார். இப்போது செருப்புக் கடிதத்தையும் எண்ணெய்க் கடிதத்தையும் ஒன்றுவிடாமல் திறந்து, கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் மூடுகிறார். பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார். வேலை முன்போல ஓடுவதில்லை. தாடைகள் தட்டுகளில் சேர்ந்துகொண்டே போகின்றன.

போன வாரம் லேடி டாக்டர், தங்கள் கிளினிக் வேறொரு ஏற்பாட்டுக்கு மாறுகிறது, இனி ஆர்டரெல்லாம் மெயிலில் வராது, அதற்கென்று தனி ஆப் இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்ளுங்கள் மாஸ்டர் என்று சொல்லியனுப்பினார். மாஸ்டர் சரி என்று தலையாட்டினார்.