செவ்வந்தி எடுத்த கை

திங்கட்கிழமைதோறும் எங்கள் வீட்டு மாதேஸ்வர சாமி படத்துக்குச் செவ்வந்தி மாலை நானே கட்டிப் போடுவேன். அந்தச் சாமியின் மலைப் பக்கத்து ராமாபுரத்தில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்த நாளிலிருந்து உள்ள வழக்கம். அறுபதைத் தாண்டிய பிறகு, போன வருஷம், மாலை கட்டினால் மறுநாள் விரல் நுனியெல்லாம் வெடித்தது. கண் இமை வீங்கியது. கழுத்தில் தாங்க முடியாத அரிப்பு.

எனக்குப் பூக்காரி மேல்தான் சந்தேகம். எங்கள் தெருமுனையில் கூடை வைத்திருப்பவள், குண்டலுபேட்டைப் பக்கத்துக்காரி. மல்லிகையை வெறுங்கையால் அளந்து கொடுப்பவள், செவ்வந்தியை எடுக்கும்போது மட்டும் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்வதை நான் பார்த்துவிட்டேன்.

"ஏம்மா, பூவைத் தொடக் கை கூசுதா?"

"ஈரமா இருக்குதுங்கக்கா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மல்லிகை மட்டும் ஈரமில்லையா? மருந்தடித்த பூ, அது தெரிந்துதான் தன் கை படாமல் என் தலையில் கட்டுகிறாள் என்று முடிவு செய்தேன்.

"உனக்கு எல்லாத்துலயும் விஷம்தான் புள்ள. நீ குடுக்குற காப்பியில என்ன இருக்குன்னு நான் என்னைக்காச்சும் கேட்டனா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

மார்க்கெட்டில் வேறு கடையில் வாங்கினேன். உப்புத் தண்ணீரில் அலசிக் கட்டினேன். அப்போதும் வீங்கியது. அப்போதுதான் வேறொரு பயம் வந்தது. என் கையால் கட்டிய மாலை வேண்டாம் என்று சாமியே சொல்கிறாரோ? இதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

தோல் டாக்டரம்மாவிடம் போனால், பெஞ்சு முழுக்க நரைத்த தலைகள். "இதுக்கு முன்னாடி இருந்ததே இல்லை" என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். எது எனக்கு ஆகவில்லை என்று பார்க்க, ஒவ்வொன்றாக வைத்து என் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒட்டி அனுப்பினார்கள். இல்லாத வியாதியை இதிலே ஏற்றிவிடுவார்களோ என்று அதன் மேலும் எனக்குச் சந்தேகம். பிறகு பிரித்துப் பார்த்தபோது செவ்வந்தி வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது.

"இத்தனை வருஷம் தொட்ட பூ ஆச்சே!" என்றேன்.

வருஷக்கணக்கில் தொட்டதுதான் ஒருநாள் ஆகாமல் போகும், வயதானவர்களுக்குப் புதிதாக அலர்ஜி வருவது ஒன்றும் அபூர்வமில்லை என்றார் டாக்டரம்மா. செவ்வந்தியும் ரோட்டோரத்துப் பார்த்தீனியச் செடியும் பங்காளிகளாம். மருந்தடிக்காத பூவானாலும் எனக்கு ஆகாதாம்.

திரும்பி வரும்போது அந்தப் பிளாஸ்டிக் பை நினைவுக்கு வந்தது. நேரே பூக்கூடை முன்னால் போய் நின்றேன்.

"கையைக் காட்டு."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பையைக் கழற்றினாள். என் விரலைப் போலவே வெடிப்பு.

"சொறி புடிச்ச கைன்னு தெரிஞ்சா சாமிக்கு யாருங்கக்கா பூ வாங்குவாங்க? வெளிய சொல்லிப்போடாதீங்க."

நான் என் கையை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னை நம்பாம மார்க்கெட்டுக்குப் போனீங்களே, அங்க வாங்குனா வெடிக்கலீங்களா?"

டாக்டரம்மா இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, அவளிடமே மல்லிகை வாங்கி வந்தேன்.

இப்போது திங்கட்கிழமை கட்டும் மாலை மல்லிகையும் வில்வமும்தான். சாமி கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் மல்லிகையும் என்றைக்குப் பகையாகுமோ, யார் கண்டது? செவ்வாய்க்கிழமை கண் விழித்ததும் முதலில் விரல் நுனியைத்தான் பார்க்கிறேன். அப்புறம்தான் சாமி படத்தை.