முந்தானையில் விழுந்த முடி

ரெஜினா சிஸ்டர் காலமாகிவிட்டார் என்று கடலூர் முதுநகரிலிருந்து அவருடைய தங்கை மகள் போன வாரம் தொலைபேசியில் சொன்னாள். என் மகள் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவரை நினைவிருக்க நியாயமில்லை. அவர் கைக்குப் போனபோது அவள் ஏழு மாதக் குழந்தை.

கடலூர் ஆஸ்பத்திரியில் அவரோடு ஒரே வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு நாளைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் சிதம்பரத்தில் ஆசிரியர். குழந்தைக்கு இரண்டு நாளாக வாந்தி, பேதி. கண் உள்ளே போய், அழத் தெம்பில்லாமல் கிடந்தவளைக் காலை பஸ்ஸில் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கையிலும் காலிலும் நரம்பு கிடைக்கவில்லை. தலையில் கொஞ்சம் முடியை மழித்து, அங்கே ஊசி குத்தித்தான் சலைன் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர்.

சிஸ்டர் சவரக்கத்தியோடு வந்ததும் என் மனைவி குழந்தையின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"கொலசாமிக்கு நேந்துவெச்ச முடிங்க. இங்க எடுத்தா புள்ள தங்காது."

பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் எங்கள் அய்யனார் கோயிலில்தான் முதல் மொட்டை போடுவது வழக்கம். எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் பேசுவதுபோலக் கிருமி, உடம்பில் நீர் வற்றுவது என்று ஆரம்பித்தேன். அவள் பிடி இன்னும் இறுகியது.

"சார், பாடத்த அப்பறம் நடத்துங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் சிஸ்டர். பிறகு அவளிடம், "எனக்கு மொத்தமும் வேணாம்மா. ரெண்டு வெரல் அகலம் போதும். முந்தானைய விரிச்சுப் புடி, ஒரு முடி கீழ விழாது. மிச்சத்தோட சேத்து உங்க சாமிக்கே குடுத்துடு" என்றார்.

கழுத்தில் சிலுவை போட்டிருந்தவர் அவர். என் மனைவி கையை எடுத்து, முந்தானையை விரித்தாள்.

ஊசி நகராமலிருக்க, சிஸ்டரும் மற்ற நர்ஸுகளும் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தச் சின்னத் தலையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் குழந்தை வீறிட்டு அழுதாள். "அழுவட்டும், அழுவட்டும்! ஊருக்கே கேக்கட்டும்" என்று சிரித்தார் சிஸ்டர்.

பின்னால் வந்த வருஷங்களில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மறுக்கும் பெற்றோர்கள் என்னிடம் வந்தபோதெல்லாம், நான் அறிவுரையைத் தள்ளிவைத்துவிட்டு, என்ன பயம் என்று முதலில் கேட்கப் பழகினேன்.

குழந்தை தேறியதும் கோயிலில் மொட்டை போட்டு, அந்தக் கையோடு ஆஸ்பத்திரிக்கு நன்றி சொல்லப் போனோம். சிஸ்டர் வேறொரு குழந்தையின் தலையைப் பிடித்தபடி குனிந்திருந்தார். பின்னாலிருந்து கூப்பிட்டேன்.

"யாரு, செதம்பரம் சாரா? திரும்ப முடியாது. புள்ள நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குது சிஸ்டர்."

"அப்ப இங்க என்னா வேல? சீக்கு ஒட்டிக்கும், தூக்கிட்டுப் போங்க."

நன்றியைச் சொல்லாமலே வந்துவிட்டோம். எங்கள் குழந்தை பிழைத்துவிட்டது. அவர் கையில் அடுத்த குழந்தை இருந்தது. அந்தக் குனிந்த முதுகுதான் அவர் நினைவாக நான் வைத்திருப்பது.